முதலில் மனதைப் பார்த்திருக்கலாம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு வியாபாரியிடம் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பட்டறைக்காரர்களுக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பது, அவர்கள் கொலுசாக்கிக் கொண்டுவந்ததும் திரும்ப எடை போட்டு வாங்கி, சேதாரம் கழித்து, கூலி எழுதுவது. காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டு வரை இதுதான் வேலை. தராசில் கொலுசை வைக்கும் முன் மின்விசிறியை நிறுத்திவிடுவோம். காற்றுப் பட்டால் கடைசி எண் ஆடிக்கொண்டே இருக்கும். அடுத்தவர் பொருளை நாள் முழுக்க இவ்வளவு கவனமாக எடை பார்க்கிற எனக்கு, என் உடம்பு 72 கிலோவிலிருந்து 91 கிலோவுக்கு ஏன் போனது என்று புரிய ஏறத்தாழ மூன்று வருடம் பிடித்தது. அந்த மூன்று வருடத்தில் எடையைக் குறைக்க மட்டும் 52,700 ரூபாய் செலவழித்தேன். அதில் எதுவும் நிற்கவில்லை. இந்த நேரத்தில் யாராவது தூக்கம் வராமல் இருட்டில் உட்கார்ந்து, தொப்பை குறைய என்ன வழி என்று செல்போனில் தேடிக்கொண்டிருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் அப்பா போய்விட்டார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசியில் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. ஊரடங்கில் காரியத்துக்கு ஏழு பேர்தான் வந்தார்கள். நான் அழவில்லை. அம்மாவையும் அக்காவையும் பார்த்துக்கொள்ள வேண்டும், வீட்டுக் கடன் தவணை கட்ட வேண்டும், ஒன்றாம் வகுப்பு போகவேண்டிய மகள் வீட்டில் செல்போனில் படிக்கிறாள். "பையன் தைரியமா நிக்கறான்" என்று உறவினர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான்கைந்து மாதம் கழித்து, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வர ஆரம்பித்தது. எழுந்தால் திரும்பத் தூக்கம் வராது. சமையலறையில் விளக்குப் போடாமல் மிக்சர் டப்பாவைத் திறந்து, சத்தம் வராமல் கை நிறைய அள்ளிச் சாப்பிடுவேன். பசி என்று சொல்ல முடியாது. வாயில் ஏதாவது அரைபட்டுக்கொண்டிருந்தால் தலைக்குள் ஓடுவது கொஞ்ச நேரம் அடங்கும், அவ்வளவுதான். மதியம் வேலை சாக்கில் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவேன். சாயங்காலம் கடைக்குப் பக்கத்துத் தள்ளுவண்டியில் இரண்டு தட்டுவடை செட், இரவு வீட்டில் ஒரு முறை, மூன்று மணிக்கு இன்னொரு முறை. நடுவில் ஆறு டீ. 2022 கடைசியில் 84 கிலோ. "என்ன தம்பி, பூசினாப்புல ஆயிட்டீங்க, வீட்ல நல்ல கவனிப்பா" என்று தெருவில் கேட்பார்கள். சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

அப்போது எனக்குத் தெரியாமல் போன ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வு என்றால் சாப்பிடாமல் இளைத்துப்போய் அழுதுகொண்டே இருப்பார்கள் என்றுதான் என் மனதில் ஒரு படம் இருந்தது. நிறையப் பேருக்கு அப்படித்தான். ஆனால் சிலருக்குப் பசி கூடும், எடை ஏறும். சிலர் நாள் முழுக்கத் தூங்குவார்கள், சிலருக்கு விடியும் முன்பே விழிப்பு வரும். எதிலும் பிடிப்பில்லாமை, எரிச்சல், கவனம் சிதறுவது, தன்னைப் பற்றிக் கேவலமாகத் தோன்றுவது, இதெல்லாம் பெரும்பாலான நாட்களில் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். எனக்கு அது ஒன்றரை வருடமாக இருந்தது. நான் பார்த்ததெல்லாம் தொப்பையை மட்டும்தான்.

2023 ஜனவரியில் ஒரு ஜிம்மில் வருட சந்தா 12,000 ரூபாயை மொத்தமாகக் கட்டினேன். மொத்தமாகக் கட்டினால் போயே தீருவோம் என்று ஒரு கணக்கு. பதினேழு நாள் போனேன். முதல் வாரமே பயிற்சியாளர் ஒரு மணி நேரம் வாட்டி எடுத்தார், நானும் வீம்புக்குச் செய்தேன். பதினெட்டாம் நாள் காலையில் ஷூ மாட்டக் குனிந்தவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது நிமிடம். கையில் ஒரு ஷூ. எழுந்து போக முடியவில்லை என்பதை யாரிடமும் விளக்கவும் முடியவில்லை. சோம்பேறி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். வருட சந்தா கட்டுவதைப் பற்றி என் யோசனை இதுதான்: மனம் சரியில்லாதபோது மூன்று மாதத்துக்கு மேல் எதற்கும் முன்பணம் கட்டாதீர்கள். பணம் போவதைவிட, போகாத ஒவ்வொரு நாளும் அது நெஞ்சில் உட்கார்ந்து குத்துவதுதான் பெரிய நஷ்டம்.

மார்ச்சில் தெரிந்தவர் ஒருவர் மூலம் பவுடர். காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதில் கரைத்துக் குடிக்க வேண்டும், மதியம் மட்டும் கொஞ்சம் சோறு. மாதம் 6,800 ரூபாய், மூன்று மாதத்துக்கு 20,400. ஆறே வாரத்தில் 7 கிலோ குறைந்தது. எல்லோரும் பாராட்டினார்கள், என் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பில் சேமித்து வைத்த மாவுச்சத்தும் அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும்தான் முதலில் இறங்கும், தசையும் கூடச் சேர்ந்து கரையும் என்பது பிற்பாடு தெரிந்தது. ஏழில் கொழுப்பு எத்தனை கிலோ போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும். ஆனால் என் மனநிலை அந்த ஆறு வாரத்தில் பாதாளத்துக்குப் போனதை என் மனைவி பார்த்தாள். மகள் பென்சிலைக் கீழே போட்டதற்குக் கத்தினேன். ஏற்கெனவே தூக்கமில்லாதவன், இப்போது வயிறும் காலி. ஜூன் மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவன் நிறுத்தத் தெரியாமல் சாப்பிட்டேன், அதற்கப்புறம் கட்டுப்பாடே இல்லை. ஆகஸ்டில் 86. குறைந்த ஏழும் வந்து, மேலே இரண்டும் சேர்ந்துவிட்டது. அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்து யாரும் போன் செய்யவில்லை.

அடுத்தது ஒரு மையத்தில் இயந்திரத்தை வயிற்றில் கட்டிக் கொழுப்பைக் கரைப்பதாக 18,000 ரூபாய்க்குப் பத்து அமர்வு. இடுப்பளவில் ஒரு விரல்கடைகூட மாறவில்லை. தொடங்கும் முன் டேப்பைத் தளர்த்திப் பிடித்தார்கள், முடிந்ததும் இறுக்கிப் பிடித்தார்கள், நானே பார்த்தேன். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மூலிகைத் தேநீரும் வியர்வை பெல்ட்டும் தனியாக 2,300.

2023 நவம்பரில் தூக்கத்துக்காக மட்டும் ஒரு மருத்துவரிடம் போனேன். தூக்கம் வரவில்லை என்று சொன்னேன், வேறு எதையும் சொல்லவில்லை. அவர் மிர்டாசபின் என்ற மாத்திரை எழுதினார். அதுவும் மனச்சோர்வு மாத்திரைதான், தூக்கம் நன்றாக வரும். எனக்கும் வந்தது, இரண்டு வருடத்துக்குப் பிறகு காலை ஆறு வரை தூங்கினேன். ஆனால் அதன் அறியப்பட்ட பக்கவிளைவு பசியும் எடையும் கூடுவது. சாப்பிட முடியாமல் இளைத்துப்போனவர்களுக்கு அது வரமாக இருக்கும். எனக்கு மூன்று மாதத்தில் 5 கிலோ ஏறி 91 ஆனது. மருத்துவர் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை, எடைதான் என் பெரிய கவலை என்று அவரிடம் நான் சொல்லவே இல்லையே. நான் செய்த தவறு அடுத்தது. பிப்ரவரி கடைசியில் யாரையும் கேட்காமல் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிட்டேன். நான்காம் நாளிலிருந்து தலைசுற்றல், குமட்டல், துளித் தூக்கம் இல்லை, காரணமில்லாமல் கண்ணில் தண்ணீர். கடையில் 1 கிலோ 240 கிராமை 1 கிலோ 420 என்று எழுதி வைத்திருந்தேன். பதினோரு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. முதலாளி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ஏம்ப்பா, உடம்புக்கு என்ன?" என்று மெதுவாகக் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மனநல மாத்திரைகளைத் தானாக நிறுத்தக் கூடாது என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். எடை ஏறுகிறதா, திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். எடை அதிகம் ஏற்றாத மாத்திரைகள் இருக்கின்றன, மெதுவாக மாற்றித் தருவார்கள். புதிதாக எந்த மாத்திரை எழுதினாலும் அங்கேயே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: இது எடையை ஏற்றுமா, எத்தனை வாரத்தில் பலன் தெரியும், நிறுத்தும்போது எப்படி நிறுத்த வேண்டும்.

அந்த லீவில் ஒரு சாயங்காலம், சும்மா வண்டியை எடுத்துக்கொண்டு ஏற்காடு ரோட்டில் ஏறினேன். எங்கள் வீடு கன்னங்குறிச்சியில், அடிவாரம் பக்கம்தான். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கும். எட்டோ ஒன்பதோ, ஒரு வளைவில் நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. கீழே சேலம் முழுக்க விளக்கு. குரங்குகள்கூட அடங்கிவிட்டன. நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு ஒரு பாரம் குறையும் என்று மிக அமைதியாகத் தோன்றியது. அந்த அமைதிதான் இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. போன் அடித்தது, மனைவி. "ஏங்க, வரும்போது அரை லிட்டர் பால் வாங்கிட்டு வாங்க" என்றாள். சரி என்று சொல்ல முடியாமல் அழ ஆரம்பித்துவிட்டேன். அப்பா போனபோது அழாதது எல்லாம் அங்கே வந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. "எங்க இருக்கீங்க? போனை வைக்காதீங்க, பேசிக்கிட்டே இருங்க" என்றாள். அவள் அண்ணன் ஆட்டோவில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று இரவு மொட்டை மாடியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு 14416 என்ற எண்ணுக்குப் போட்டாள். டெலி மானஸ் என்பார்கள், மத்திய அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கினார்கள். 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், பணம் கிடையாது. எடுத்தவர் அவசரப்படாமல் கேட்டார். நாளைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், இன்று இரவு தனியாக இருக்காதீர்கள் என்றார். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும், அது எவ்வளவு சின்னதாகத் தோன்றினாலும், பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எடை, சர்க்கரை, பணம் எல்லாம் அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. ஆத்தூரிலிருந்து வந்த அக்கா, "டேய், முதல்ல கோயிலுக்குப் போய் மந்திரிச்சுக்கிட்டு அப்புறம் போலாம்டா" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்குத் தெரிந்த அக்கறை அது. கோயிலுக்கும் போனோம், ஆனால் மருத்துவமனைக்குப் பிறகு. என் மனைவி ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவந்திருந்தாள்: எப்போதிலிருந்து தூக்கமில்லை, எடை எந்த மாதம் எவ்வளவு, என்ன மாத்திரை எப்போது நிறுத்தினார், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. புறநோயாளிப் பிரிவில் கூட்டம் இருக்கும், நமக்கோ பேச வராது, அந்தத் தாள்தான் எனக்காகப் பேசியது. போகிறவர்கள் கண்டிப்பாக இப்படி எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் ஒன்பது கேள்வி கேட்டார், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27, எண் கூடக் கூட மனச்சோர்வும் கூடுதல் என்று அர்த்தம். எனக்கு 18 வந்தது. ஒன்பதாவது கேள்வி நேற்று மலையில் தோன்றியதைப் பற்றியது, மறைக்காமல் சொன்னேன். அப்புறம் ரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைவாக இருந்தாலும் எடை ஏறும், சோர்வு வரும், பார்த்தால் மனச்சோர்வு மாதிரியே இருக்கும், அதனால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனை அவசியம் என்றார். எனக்கு அது சரியாக இருந்தது. வைட்டமின் பி12, டி இரண்டும் குறைவு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை 50 மில்லிகிராம் ஆரம்பித்தார்கள். இது எனக்குக் கொடுத்தது, உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

எடையைக் குறைக்க என்ன செய்யணும் என்று அன்றைக்கே கேட்டேன். "மூணு மாசத்துக்கு எடையைப் பத்தி எதுவும் செய்யாதீங்க. மாத்திரை, தூக்கம், மூணு வேளைச் சாப்பாடு. இது மட்டும்தான்" என்றார் அந்த டாக்டரம்மா. எனக்குக் கோபமே வந்தது. இப்போது யோசித்தால் அதுவரை எனக்குக் கிடைத்த ஆலோசனைகளிலேயே விலை மதிப்பில்லாதது அதுதான். முதல் பத்து நாள் லேசான குமட்டல். மூன்றாவது வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது வாரம் ஒரு நாள் காலையில் அம்மா தாளிக்கும் வாசனை மூக்குக்கு வந்தது. அது தினமும் வந்துகொண்டுதான் இருந்திருக்கும், எனக்குத்தான் எட்டவில்லை. மூன்று மாதம் முடிந்தபோது எடை 90, கிட்டத்தட்ட அப்படியே. ஆனால் மூன்று மணி மிக்சர் நின்றுவிட்டது. மூன்று மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் காரணம்.

2024 ஜூனில் மருத்துவர் அனுப்பி ஒரு உளவியல் ஆலோசகரைப் பார்த்தேன். தனியாரிடம், ஒரு முறைக்கு 600 ரூபாய், எட்டு முறை. அவர் கொடுத்த முதல் வேலை, தினமும் தெருமுனைப் பால் பூத் வரை நடந்து திரும்புவது. ஏழு நிமிடம். இரண்டு வாரத்துக்கு அதற்கு மேல் நடக்கக் கூடாது என்று கண்டிப்பு. மனம் வந்தால் நடக்கலாம் என்று காத்திருந்தால் மனச்சோர்வில் மனம் வராது, நடந்த பிறகுதான் கொஞ்சமாக வரும் என்று விளக்கினார். போவதற்கு முன் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை, வந்தபின் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். பெரும்பாலும் 3 என்று போய் 4 என்று வந்தேன். ஒன்றுதான் கூடியது, ஆனால் கண்ணுக்கு முன்னால் எழுதி இருந்தது. மூன்றாவது வாரம் பத்து நிமிடம், அப்புறம் மூக்கனேரிக் கரை. 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரி, நடுவில் மண்திட்டுகள் போட்டு மரம் நட்ட ஏரி அது. காலை ஆறரைக்குப் போனால் திட்டு மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும். மகளும் சில நாள் வருவாள், எத்தனை இருக்கிறது என்று எண்ணுவது அவள் வேலை. வாரம் குறைந்தது 150 நிமிடம் வேக நடை மாதிரி மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை எட்ட எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதோடு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து, தசைக்காக.

அவர் எழுதச் சொன்ன இன்னொரு தாள்தான் என்னைக் காப்பாற்றியது. மோசமான நாளில் என்னால் என்ன செய்ய முடியும் என்று மட்டும் எழுதச் சொன்னார். நல்ல நாளில் எல்லோரும் எல்லாம் செய்வார்கள், திட்டத்தை மோசமான நாளுக்குப் போடுங்கள் என்றார். நான் எழுதியது நான்கு: மாத்திரை, குளியல், மூன்று வேளைச் சாப்பாடு, பால் பூத் வரை நடை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அந்த நான்கும் நடந்தால் அந்த நாள் கணக்கில் சேரும். ஜிம்மில் நான் போட்டது என் மிகச் சிறந்த நாளுக்கான திட்டம். அதனால்தான் பதினெட்டாம் நாள் கையில் ஷூவோடு உட்கார்ந்தேன்.

சாப்பாட்டில் எதையும் ஒதுக்கவில்லை, முதலில் சேர்த்தோம். காலையில் இட்லியோடு இரண்டு அவித்த முட்டை. மதிய டப்பாவில் சோறு பாதி, மீதிப் பாதி பொரியலும் பயறும். தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொள்ளு என்று மாறி மாறி. கொள்ளு பற்றி ஒன்று. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி இருப்பதால் கொள்ளுத் தண்ணியைக் குடித்தால் கொழுப்பு உருகும் என்று நானும் மூன்று மாதம் குடித்தவன். உருகாது. ஆனால் கொள்ளைக் கடைந்து சாப்பிட்டால் அதில் இருக்கும் புரதத்துக்கும் நார்ச்சத்துக்கும் வயிறு நிறையும், சீக்கிரம் பசிக்காது, அதுவே பெரிய உதவி. ராகிக் களியும் அப்படித்தான். களி என்றால் எடை குறையும் என்று நினைத்து நான்கு உருண்டை சாப்பிட்டால் அதுவும் மாவுச்சத்துதான். அம்மா துடுப்பால் கிண்டி, கையை நனைத்துக்கொண்டு சூட்டோடு உருட்டி வைக்கும் களியில் இப்போது இரண்டு உருண்டை, நிறையக் கீரைக் கடைசல். டீ ஆறிலிருந்து மூன்றாகி, இரண்டு கரண்டிச் சர்க்கரை ஒன்றாகி, இப்போது அரைக் கரண்டி. தட்டுவடை செட் சனிக்கிழமை மட்டும், ஒன்று. அதை முழுசாக நிறுத்திப் பார்த்த வாரத்தில்தான் அடுத்தடுத்து மூன்று நாள் சாப்பிட்டேன். மாம்பழ சீசனில் மல்கோவா மதியச் சோற்றைக் குறைத்துக்கொண்டு பாதிப் பழம். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் மதியம் ஒன்றரை மணிக்குக் கணக்கு நோட்டை மூடிவிட்டுச் சாப்பிடுவதுதான். என் இரவுத் தீனிக்குப் பாதிக் காரணம் நான் தள்ளிப்போட்ட மதியச் சாப்பாடு.

எடை பார்ப்பதிலும் ஒரு பாடம் படித்தேன். பவுடர் காலத்தில் ஒரு நாளைக்கு நான்கு முறை ஏறி நிற்பேன். தொழில் புத்தி, கடைசி எண் வரைக்கும் பார்ப்பேன். உப்புக் கூடிய சாப்பாடு, தண்ணீர், மலச்சிக்கல், எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஒன்று ஒன்றரை கிலோ ஏறி இறங்கும். உடம்பு கொலுசு கிடையாது, விசிறியை நிறுத்தினாலும் எண் ஆடும். இப்போது ஞாயிறு காலை, பல் துலக்கி, கழிப்பறை போய்விட்டு, ஒரே ஒரு முறை. மாதத்தில் நான்கு எண்ணின் சராசரியைத்தான் போன மாதச் சராசரியோடு பார்க்கிறேன். மாதம் ஒருமுறை இடுப்பளவு. 104 சென்டிமீட்டரில் ஆரம்பித்தேன், இப்போது 94. நம் நாட்டு ஆண்களுக்கு 90க்குள், பெண்களுக்கு 80க்குள் இருப்பது நல்லது என்றார்கள். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்ல மாற்றம் தெரியும் என்று மருத்துவர் சொன்னதால் பெரிய இலக்கு எதையும் வைத்துக்கொள்ளவில்லை. 2024 டிசம்பரில் 86. 2025 ஜூனில் 81, மூன்று மாதச் சர்க்கரை 5.6.

இது நேர்கோடாகப் போகவில்லை. 2025 ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயம். வீடு நிறைய உறவுகள், கூழ், கறி விருந்து. நன்றாக இருக்கிறோமே என்று பன்னிரண்டு நாள் மாத்திரையை விட்டுவிட்டேன். இவ்வளவு பட்டும் விட்டேன். திரும்ப மூன்று மணி விழிப்பு, திரும்ப மிக்சர் டப்பா, ஒரு மாதத்தில் 84. இந்த முறை மறைக்கவில்லை, மனைவியிடம் அடுத்த நாளே சொன்னேன். மருத்துவர், "மூணு கிலோவை விடுங்க, மாத்திரையை ஏன் விட்டீங்க?" என்றுதான் கேட்டார். நலமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடர வேண்டும், திரும்ப வந்தவர்களுக்கு இன்னும் நீளும் என்று விளக்கினார். ஃப்ரிட்ஜ் தாளில் இருக்கும் நான்குக்குத் திரும்பினேன். ஏழு நிமிட நடையிலிருந்து மறுபடியும். இதை எழுதும்போது 80 கிலோ.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நான் கணக்கெழுதுகிறவன். பலன் தந்த பக்கம்: மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம், ஆலோசகருக்கு 4,800, வெளியில் எடுத்த சில ரத்தப் பரிசோதனைகள் 2,200, ஒரு ஜோடி ஷூ 1,800. மொத்தம் 8,800 ரூபாய். இதில் சேராத செலவு ஒன்று இருக்கிறது. மூன்று வருடம் என் மனைவி எப்படி இருந்தாள் என்று நான் கேட்கவே இல்லை. போன மாதம்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் பாத்திரம் துலக்கிக்கொண்டே இருந்தாள், அப்புறம் நிறையச் சொன்னாள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர்களும் 14416க்குப் பேசலாம், அவர்களுக்கும் அது உண்டு.

போன செவ்வாய் மோசமான நாள். அப்பாவின் பழைய சட்டை ஒன்று பீரோவிலிருந்து வெளியே வந்தது. கடையிலிருந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். எட்டரை மணிக்கு மகள் வந்து, "அப்பா, பால் பூத் இன்னும் போகல" என்றாள். பதினோரு நிமிடம் ஆனது, அவள் வழியில் நாய்க்குட்டியைப் பார்க்க நின்றதால். நோட்டில் 2 என்று போய் 4 என்று வந்தேன்.